மருமகள் வானியல் படிக்கப் போகிறாளாம்: எந்த வழியால் போவது?

தங்கச்சியின் மகளுக்கு உயர்தரப் பெறுபேறு வந்து மூன்று கிழமை. கணிதப் பிரிவு. இசட் புள்ளி நன்றாகவே வந்திருக்கிறது. போன வருட வெட்டுப்புள்ளிகளை வைத்துப் பார்த்தால் பொறியியல் ஏதோவொரு பல்கலைக்கழகத்தில் கட்டாயம் கிடைக்கும். வீட்டில் எல்லாரும் மொறட்டுவையா பேராதனையா என்று கதைத்துக்கொண்டிருக்க, பிள்ளை பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, தான் பௌதிகவியல் செய்து வானியல் ஆய்வுக்குப் போகப்போவதாகச் சொன்னாள்.

அம்மா, அதாவது அவளுடைய அம்மம்மா, கேட்ட முதல் கேள்வி: "அப்ப நீ சாத்திரம் பார்ப்பியோ பிள்ளை?"

தங்கச்சி மகளைக் கேட்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள். "அண்ணை, இதைத் தொடக்கி வைச்சது நீங்கள். இனி நீங்களே சொல்லுங்கோ."

தொடக்கி வைத்தது உண்மைதான். 2019 மார்கழி 26, காலை ஒன்பதரை மணியளவில் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாணத்தைக் கடந்து போனது. கிரகணக் கண்ணாடி இரண்டுதான் இருந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு வேப்பமரத்தடி மணலைக் காட்டினேன். இலை இடுக்குகளால் விழுந்த வெளிச்சப் பொட்டு ஒவ்வொன்றும் வளையமாக இருந்தது, முற்றம் முழுக்க யாரோ காப்புகளைக் கொட்டிவிட்ட மாதிரி. மூன்று நிமிடம் இருக்கும். முடிந்ததும் எல்லாரும் ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் கடைசி வரைக்கும் ஒரு வளையத்தைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றாள். "மாமா, கையை மேல கொண்டுபோனா வளையம் ஏன் சின்னதாகுது?" என்று கேட்டாள். அப்போது 13 வயது.

நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவன். ஒரு காலத்தில் இதே வழியில் புறப்பட்டுப் பாதியில் திரும்பியவன். இப்போது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் விண்ணப்பத்தில் பாடநெறிகளை விருப்பு ஒழுங்கில் போட வேண்டும். புள்ளி போதுமாக இருந்தால் மேலே போட்டதுதான் கிடைக்கும், கீழே இருப்பது பிறகு கிடைக்காது. ஆகவே ஒழுங்கைப் போட முன்னர் எல்லா வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். அந்தக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் வேறு வீடுகளிலும் இதே கதை நடக்கிறதென்று எனக்குத் தெரியும்.

முதலில் வயது

காசைவிட வயதைத்தான் முதலில் கணக்குப் பார்க்க வேண்டும். ஏ.எல் எழுதும்போது 19. பெறுபேறு, வெட்டுப்புள்ளி, பதிவு எல்லாம் முடிந்து கம்பஸ் தொடங்கும்போது 21. சிறப்புப் பட்டம் 4 வருடம்: 25. விண்ணப்பம், ஆங்கிலப் பரீட்சை, இடையில் டெமோ வேலை (கம்பஸில் தற்காலிகமாக மாணவருக்குச் செய்முறை காட்டுவது) என்று ஒரு வருடம்: 26. அமெரிக்காவில் கலாநிதிப் பட்டம் 5 அல்லது 6 வருடம்: 32. அதோடு முடிந்ததென்று நினைத்தால் பிழை. பிறகு போஸ்ட்டொக் என்கிற தற்காலிக ஆய்வாளர் பதவி. அது 2, 3 வருட ஒப்பந்தம், ஒன்று முடிய இன்னொன்று, பெரும்பாலும் இன்னொரு நாட்டில். இரண்டு செய்தால் 37, 38. நிரந்தரப் பதவிக்கான போட்டி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. பட்டம் எடுப்பவர்கள் எல்லாருக்கும் போதுமான இடங்களும் இல்லை.

என் பட்ச் நண்பன் ஒருவன் இந்தப் பாதையில் இன்னும் நடக்கிறான். போன வருடம் வாட்ஸ்அப்பில் எழுதினான்: "மச்சான், இது நாலாவது நாடு. பெட்டி அடுக்கிறதில எனக்கு இரண்டாவது பிஎச்டி குடுக்கலாம்." அவனோடு ஒரே வாங்கில் இருந்து படித்துப் பொறியியல் போனவன் 26இல் சம்பளம் எடுத்தான், 30இல் கலியாணம் கட்டினான், இப்போது மெல்பேர்னில் வீட்டுக் கடன் கட்டுகிறான். இரண்டு பேரும் மற்றவனைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமைப்படுகிறார்கள். இரண்டு பேரும் அதை என்னிடம்தான் சொல்கிறார்கள்.

தங்கச்சிக்கு இந்தக் கணக்கைச் சொன்னபோது அவள் வயதை எண்ணவில்லை, "அப்ப கலியாணம்?" என்றாள். கேட்கக் கூடாத கேள்வி என்று சொல்ல மாட்டேன். இந்தத் துறையில் ஆணோ பெண்ணோ, முப்பதுகளின் நடுப்பகுதி வரைக்கும் எந்த ஊரில் இருப்போம் என்று தெரியாமல் வாழ்கிறார்கள். கட்டுகிறவரும் ஆய்வாளராக இருந்தால் இரண்டு பேருக்கும் ஒரே நகரத்தில் வேலை தேடுவது தனிப் பாடு. மருமகள் சொன்ன பதில்: "அம்மா, இஞ்சினியர் மாப்பிள்ளையும் கட்டாரிலதானே இருக்கிறார்." பெரியக்காவின் மருமகனைத்தான் சொன்னாள். தங்கச்சியிடம் மறுமொழி இல்லை.

பொறியியலா பௌதிகவியலா

வீட்டுச் சண்டை முழுக்க இதில்தான். தங்கச்சியின் யோசனை எல்லா அம்மாமாரினதும் யோசனைதான்: "முதல்ல இஞ்சினியரிங் முடிக்கட்டும். பிறகு விருப்பமெண்டால் நட்சத்திரத்தைப் பார்க்கட்டும்."

கேட்க நல்ல யோசனை. நடப்பது வேறு. அப்படிச் சொல்லிவிட்டுப் போன நாலு பேரை எனக்குத் தெரியும், ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அவர்களில் பிழை இல்லை. முதல் சம்பளம் வந்தவுடன் தம்பியின் படிப்பு, தங்கச்சியின் சீதனம், வீட்டுக்குக் கூரை என்று ஒவ்வொன்றாக அந்தச் சம்பளத்தில் வந்து ஏறிவிடுகிறது. மாதம் வருகிற காசை விட்டுவிட்டு மாணவச் சம்பளத்துக்குப் போகிறேன் என்று 27 வயதில் சொல்ல மனத்திடம் வேண்டும். இன்னொன்று, வானியல் கலாநிதிப் படிப்புக்கு எடுக்கிறவர்கள் குவாண்டம் பொறிமுறை, மின்காந்தவியல், புள்ளிவிபரப் பொறிமுறை எல்லாம் படித்திருக்கிறாளா என்று பெறுபேற்றுப் பத்திரத்தைப் பார்ப்பார்கள். பொறியியல் பட்டத்தில் இவற்றில் பாதி இருக்காது.

ஆனால் தங்கச்சியின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். இஞ்சினியர்மாருக்கு உள்ளபடியே இடமுள்ள ஒரு வானியல் இருக்கிறது: ரேடியோ வானியல். இப்போது எஸ்.கே.ஏ என்ற பெரிய ரேடியோ தொலைகாட்டியைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். தென்னாபிரிக்காவில் 197 தட்டு அன்ரனாக்கள், மேற்கு அவுஸ்திரேலியாவில் 131,072 சிறிய அன்ரனாக்கள் என்பது திட்டம். அங்கே வருகிற சமிக்ஞைகளை ஒன்றுசேர்ப்பதும், கைத்தொலைபேசி இரைச்சலிலிருந்து வானத்தைப் பிரித்தெடுப்பதும் இலத்திரனியல் வேலை, கணினி வேலை. பூனாவுக்கு வடக்கே கோடாட்டில் இருக்கிற ஜி.எம்.ஆர்.டி தொலைகாட்டி, 45 மீற்றர் விட்டமுள்ள 30 தட்டுகள் கொண்டது, அதை ஓட்டுவதிலும் பொறியியலாளர் கை பெரிது. கருவி செய்ய ஆசையுள்ள பிள்ளை என்றால் மின், இலத்திரனியல் பொறியியல் தாராளமாகப் போகலாம்.

இவள் அந்த ரகம் இல்லை. மின்விசிறி நின்றால் என்னைக் கூப்பிடுகிறவள்.

சரி, அப்படியென்றால் இவள் எந்த ரகம்? அதைப் பார்க்க நான் ஒரு சோதனை வைத்தேன். பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த தை, மாசி மாதங்களில், மொட்டைமாடியிலிருந்து அல்கோல் என்ற நட்சத்திரத்தைப் பார்க்கச் சொன்னேன். தொலைகாட்டி வேண்டாம், கண் போதும். ஒன்றாகத் தெரிகிற அதில் உண்மையில் இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. மங்கலானது பிரகாசமானதை மறைக்கும்போது மொத்த வெளிச்சம் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்ட விழுந்துவிடும், சில மணித்தியாலத்தில் பழையபடி திரும்பும். பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டு, அரை மணிக்கு ஒருதரம் கொப்பியில் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதல் கிழமை ஒன்றுமே நடக்கவில்லை என்று அலுத்துக்கொண்டாள். பிறகு ஓரிரவு அது மங்குவதைப் பிடித்தாள். மூன்று நாளில் மறுபடியும் மங்கியது, ஆனால் மூன்று மணித்தியாலம் முந்தி. பிறகு கொஞ்ச நாள் பகலில் மங்கி ஏமாற்றியது. முதல் மங்கலிலிருந்து இருபது நாள் கழித்து மீண்டும் இரவுக்கு வந்தது. இடைப்பட்ட 20 நாள் 2 மணித்தியாலம் 25 நிமிடத்தை ஏழால் பிரித்து அவள் எடுத்த விடை 2 நாள் 20 மணித்தியாலம் 55 நிமிடம். புத்தக விடை 2 நாள் 20 மணித்தியாலம் 49 நிமிடம். வெறும் கண்ணுக்கு அது அபார விடை. நான் கைதட்டினேன். அவள் கைதட்டலைக் கவனிக்கவில்லை. "அந்த ஆறு நிமிசம் எங்க போனது மாமா?" என்று கேட்டுவிட்டு, கொப்பியைப் புரட்டி, முகில் வந்த இரவில் தான் ஊகித்துப் போட்ட ஒரு குறிப்பைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாள்.

வானியல் ஆய்வு என்பது பெரும்பாலும் அந்த ஆறு நிமிடத்தைத் தேடுகிற வேலைதான். தொலைகாட்டியில் கண் வைத்துக்கொண்டு இரவு முழுக்க நிற்பவர் இன்றைக்குக் குறைவு. சிலியில் பரனல் மலையிலுள்ள 8.2 மீற்றர் தொலைகாட்டிகளிலேயே பல அவதானிப்புகளை அங்குள்ள பணியாளர்கள் செய்து தரவை அனுப்பிவிடுகிறார்கள். வானியலாளரின் நாள் லப்டொப்பில் பைதன் நிரல் எழுதுவதிலும், பிழையைத் தேடுவதிலும், அடுத்த வருடத் தொலைகாட்டி நேரத்துக்கு விண்ணப்பம் எழுதுவதிலும் போகிறது. வெளிச்சப் படங்களைப் பார்த்து மயங்கி வருகிற பிள்ளைக்கு இது அலுக்கும். ஆறு நிமிடம் எங்கே என்று கேட்கிற பிள்ளைக்கு அலுக்காது. பொறியியலா வானியலா என்று திண்டாடுகிற பிள்ளை யாரிடமிருந்தாலும், ஆலோசனை சொல்ல முன்னர் ஒரு மாதம் அல்கோலைப் பார்க்க விடுங்கள்.

கொழும்பா இங்கேயா

வானியலுக்கென்று தனி இளமாணிப் பட்டம் இங்கே கிடையாது. வாசல் பௌதிகவியல்தான். பௌதிக விஞ்ஞானப் பிரிவில் சேர்ந்து, முதலிரு வருடப் பெறுபேற்றைக் காட்டிச் சிறப்புப் பட்டத்துக்குள் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் மூன்று வருடப் பொதுப் பட்டம். அதை வைத்துக்கொண்டு வெளிநாட்டுக் கலாநிதிப் படிப்புக்கு நேரே போவது மிகவும் கடினம். ஆகவே எந்தக் கம்பஸ் என்பதைவிட, எந்தக் கம்பஸில் முதல் இரண்டு வருடமும் நிம்மதியாகப் படிப்பாள் என்பதுதான் கேள்வி.

கொழும்புக்குச் சார்பாகச் சொல்ல இருக்கிறது. துறை பெரிது. பக்கத்தில் கட்டுபெத்தையில் ஆதர் சி. கிளார்க் நிறுவனத்தில் ஜப்பான் அரசு 1996இல் அன்பளிப்பாகத் தந்த 45 சென்ரிமீற்றர் தொலைகாட்டி இருக்கிறது. ஆனால் அறை வாடகையும் கடைச் சாப்பாடும் சேர்ந்தால் நாலு வருடத்தில் ஒரு பெரிய தொகை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற எங்கள் திருநெல்வேலியில் படித்தால் வீட்டுச் சோறு, சைக்கிள், சின்ன வகுப்பு. விரிவுரையாளருக்கு அவளைப் பெயர் சொல்லித் தெரியும். வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு மூன்று பரிந்துரைக் கடிதம் கேட்பார்கள். "இவர் என் வகுப்பில் A எடுத்தார்" என்ற கடிதத்துக்கும், "இவர் எழுதிய நிரலில் இருந்த பிழையை இவரே வந்து என்னிடம் சொன்னார்" என்ற கடிதத்துக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

தரவு பற்றிய கவலை இப்போது தேவையில்லை. ஐரோப்பாவின் கையா விண்கலம் அளந்த 180 கோடிக்கு மேற்பட்ட வான்பொருட்களின் பட்டியல் 2022 ஆனியில் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறந்துவிடப்பட்டது. திருநெல்வேலியில் இருக்கிற பிள்ளைக்கும் ஹைடல்பேர்க்கில் இருக்கிற பேராசிரியருக்கும் ஒரே தரவு. இணையம்தான் கொஞ்சம் மெதுவாக இருக்கும்.

அத்தோடு இந்த ஊருக்கு வானியல் புதுச் சரக்கும் இல்லை. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டை செமினரியில் மிஷனரிமார் வானியல் படிப்பித்தார்கள். பிறகு யாழ்ப்பாணக் கல்லூரியில் படிப்பித்த காரைநகர் அலன் ஆபிரகாம் லண்டனிலுள்ள அரச வானியல் கழகத்தின் உறுப்பினராக இருந்தவர். இன்றைக்கும் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு பஞ்சாங்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருடப்பிறப்பு எத்தனை மணிக்கு என்று சண்டை பிடிக்கிற ஊர் இது. அம்மாவின் சாத்திரக் கேள்வியை நான் கோபமாக எடுக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.

பட்டத்துக்குப் பிறகு

இங்கேதான் நான் விழுந்தேன், ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

2010 தைப்பொங்கலுக்கு மறுநாளும் ஒரு கங்கண கிரகணம் யாழ்ப்பாணத்துக்கு மேலால் போனது. நான் அப்போது தற்காலிக டெமோ, சனத்துக்கு வளையத்தைக் காட்டிக்கொண்டு நின்றவன். அந்த உற்சாகத்தில் அந்த வருடமே லண்டனுக்கு ஒரு வருட முதுமாணிக்குப் போனேன். அம்மா தாலிக்கொடியைத் தவிர மற்ற நகையெல்லாம் அடைவு வைத்தா, பிறகு மீட்க முடியாமல் விற்றா. பின்வளவுக் காணியில் ஒரு துண்டும் போனது. பவுணை விற்றுப் பவுண் கட்டின கதை. பகலில் நட்சத்திரங்களின் பரிணாமம், இரவில் பெற்றோல் ஷெட்.

அந்தப் படிப்பில் இருந்த பொறி எனக்குப் போன பிறகுதான் விளங்கியது. புரட்டாதியில் வகுப்பு தொடங்குகிறது. கலாநிதிப் படிப்புக்கான விண்ணப்பங்கள் மார்கழி, தையில் முடிகின்றன. அதாவது நான் போய் மூன்றாம் மாதம் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது கையில் ஒரு பெறுபேறும் இல்லை, ஆய்வு தொடங்கவே இல்லை, ஒரு பேராசிரியருக்கும் என் முகம் தெரியாது. கடைசியில் யாழ்ப்பாணத்துப் பட்டத்தையும் யாழ்ப்பாணத்துக் கடிதங்களையும் வைத்துத்தான் விண்ணப்பித்தேன். அதை ஊரிலிருந்தே ஒரு சதமும் செலவில்லாமல் செய்திருக்கலாம். போதாக்குறைக்கு அந்த நாளில் பிரித்தானிய அரசின் ஆய்வுப் புலமைப்பரிசில்கள் எங்களைப் போன்ற வெளிநாட்டாருக்குத் திறக்கவே இல்லை. 2021இலிருந்து ஒரு பங்கு, கூடியது 30 வீதம், திறந்திருக்கிறது. ஆனால் முதுமாணிக் கட்டணமும் ஏறிவிட்டது, பல இடங்களில் 25,000 பவுணுக்கு மேல். பொதுநலவாயப் புலமைப்பரிசில் போல முழுச் செலவும் தருகிற ஏதாவது கிடைத்தால் பிரித்தானியாவுக்குப் போகலாம். சந்திரா விக்கிரமசிங்க 1960இல் கொழும்பில் கணிதம் முடித்துக் கேம்பிரிட்ஜ் போனது அந்தப் புலமைப்பரிசிலில்தான். காணி விற்றுப் போகாதீர்கள்.

அமெரிக்க வழி எதிர்ப்பக்கம். நாலு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேரே கலாநிதிப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம், முதுமாணி தேவையில்லை. எடுத்தார்கள் என்றால் கட்டணத்தையும் துறையே பார்க்கும், மாதச் சம்பளமும் தரும். பதிலுக்கு முதல் வருடங்களில் இளமாணி மாணவருக்கு ஆய்வுகூட வகுப்பு எடுக்க வேண்டும். நான் படித்த காலத்தில் பௌதிகவியல் ஜி.ஆர்.ஈ என்ற பரீட்சை பெரிய தடை, இப்போது பல வானியல் துறைகள் அதைக் கைவிட்டுவிட்டன. மிஞ்சுவது விண்ணப்பக் கட்டணம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு 75 முதல் 100 டொலர், சிலவற்றில் அதற்கும் மேல். பத்து இடத்துக்குப் போட்டால் எங்கள் ரூபாயில் கண் கலங்கும். கஷ்டத்தை விளக்கி எழுதினால் சில துறைகள் அந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும், கேட்க வெட்கப்படக் கூடாது. இடம் கிடைத்தால் ஏற்பதா இல்லையா என்று ஏப்ரல் 15க்குள் சொல்ல வேண்டும். என் பெட்டி அடுக்குகிற நண்பன் இப்படித்தான் போனான். முதல் வருடம் எல்லா இடமும் மறுத்தது, டெமோவாக இருந்துகொண்டே இரண்டாம் வருடமும் போட்டான், ஒரு இடம் கிடைத்தது. நான் ஒரு வருடம் காத்திருக்கப் பொறுமையில்லாமல் பறந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவே.

இந்த வழியிலும் இப்போது முள் இருக்கிறது. 2025இல் அமெரிக்காவில் ஆய்வு நிதியில் கைவைக்கத் தொடங்கியதும் பல துறைகள் புது மாணவர் எண்ணிக்கையைக் குறைத்தன. விசாவும் முன்னைப்போல் இல்லை. இவள் பட்டம் முடிக்க இன்னும் ஐந்து வருடம் இருப்பதால் இப்போதே பயப்படத் தேவையில்லை. ஆனால் அமெரிக்காவை மட்டும் நம்பி இருக்கவும் கூடாது.

கனடாவில் முதலில் இரண்டு வருட முதுமாணி, அதற்கும் பெரும்பாலும் துறையே காசு தரும், அதிலிருந்து கலாநிதிக்கு ஏறலாம். ரொரன்ரோவில் எங்களுக்குச் சொந்தக்காரர் இல்லாத தெருவே இல்லை என்பதால் தங்கச்சிக்கு இது பிடித்திருக்கிறது. பிள்ளைக்கு அதே காரணத்தால் பிடிக்கவில்லை.

ஜேர்மனியைப் பற்றி நல்ல செய்தியும் சின்ன எழுத்தில் ஒரு எச்சரிக்கையும். அரச பல்கலைக்கழகங்களில் முதுமாணிக்குப் பெரும்பாலும் கட்டணமில்லை, வானியல் ஆங்கிலத்திலேயே படிக்கலாம். பொன் (Bonn) நகரத்துக்குப் பக்கத்தில் எஃபெல்ஸ்பேர்க்கில் 100 மீற்றர் ரேடியோ தட்டு இருக்கிறது. ஆனால் விசாவுக்கு ஒரு வருடச் செலவுக் காசை முடக்கக் கணக்கொன்றில் போட்டுக் காட்ட வேண்டும், 2024 கடைசியிலிருந்து அது 11,904 யூரோ. அது அவளுடைய காசுதான், மாதாமாதம் எடுத்துச் செலவழிக்கலாம். எண்டாலும் முதலில் யாரோ ஒருவர் போட வேண்டும். "ஜேர்மனியில இலவசம்" என்று ஊரில் சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை. ஹைடல்பேர்க் வானியலுக்குப் பேர்போன இடம், ஆனால் அந்த மாநிலத்தில் ஐரோப்பியர் அல்லாதோருக்குத் தவணைக்கு 1,500 யூரோ கட்டணம். இவற்றோடு ஐரோப்பிய ஒன்றியத்தின் எரஸ்மஸ் முண்டுஸ் திட்டத்தில் வானியலுக்கென்றே ஒரு முதுமாணியும் இருக்கிறது: றோம், பெல்கிரேட், பிறேமன், நீஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்துவது. புலமைப்பரிசிலோடு கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். கிடைக்காவிட்டால் அதை மறந்துவிடலாம்.

இந்தியா கிட்ட. பலாலியில் ஏறினால் சென்னை, அங்கிருந்து பெங்களூர். தமிழ்நாட்டிலேயே காவலூரில் 2.3 மீற்றர் வைணு பாப்பு தொலைகாட்டி இருக்கிறது, கட்டுபெத்தையிலுள்ளதன் ஐந்து மடங்கு விட்டம். இளமாணிக்கும் முதுமாணிக்கும் இந்திய அரசின் புலமைப்பரிசில்கள் எங்கள் பிள்ளைகளுக்கு வருடாவருடம் வருகின்றன, விபரத்தை யாழ்ப்பாணத்திலுள்ள இந்தியத் துணைத் தூதரகத்தில் கேட்கலாம். கலாநிதிக்கு என்றால், ஆய்வு நிறுவனங்களின் உதவித்தொகை விதிகள் முதலில் தங்கள் குடிமக்களுக்காக எழுதப்பட்டவை. தகுதிப் பந்தியை வரிவரியாக வாசித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொரு வழி எங்கள் ஊருக்கே உரியது, நான் மிகவும் விரும்புவதும் அதுதான். முதல் வகுப்பில் சித்தியடைந்து, பல்கலைக்கழகத்திலேயே தகுதிகாண் விரிவுரையாளராகச் சேர்ந்து, படிப்பு விடுப்பில் வெளிநாடு போய்க் கலாநிதி முடித்துத் திரும்புவது. வேலை கையில் இருக்கும், அம்மாமாரும் நிம்மதியாக நித்திரை கொள்வார்கள். விலை என்னவென்றால் திரும்பி வர ஒப்பந்தம் எழுதிக்கொடுக்க வேண்டும். வந்த பிறகு கற்பித்தலும் நிர்வாகமும் ஆய்வு நேரத்தை விழுங்கும். வெற்றிடம் எப்போது வரும் என்பதும் கைரேகை பார்க்கிற விஷயம்தான். ஆனால் வானியல் முடித்த ஒருவர் திருநெல்வேலிக்குத் திரும்பினால் அடுத்த பட்ச் பிள்ளைக்கு வழி கேட்க ஒரு கதவு இருக்கும். எனக்கு அது இருக்கவில்லை.

கடைசி வழி என்னுடையது. படிப்பித்துக்கொண்டு இரவில் வானம் பார்ப்பது. இதைத் தோல்வி என்று நான் இப்போது நினைப்பதில்லை, ஆனால் 30 வயதில் நினைத்தேன். 1911இல் தொடங்கிய அமெரிக்க மாறுநட்சத்திர அவதானிகள் சங்கம் இன்றும் யாருடைய அவதானிப்பையும் ஏற்கிறது. 2007இல் ஹனி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்துப் பள்ளி ஆசிரியை, கலக்சி ஸூ என்ற பொதுமக்கள் திட்டத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது இதற்கு முன் யாரும் கவனிக்காத ஒளிரும் வாயுத் திரளொன்றைக் கண்டார். இன்று அது அவருடைய பெயரில் இருக்கிறது. எங்கள் அகலாங்கு ஒன்பதே முக்கால் பாகைக்குக் கிட்ட என்பதால் துருவ நட்சத்திரமும் தெரியும், தெற்குச் சிலுவையும் தெரியும். ஐரோப்பாவில் இருக்கிறவருக்கு இந்த வசதி இல்லை. ஆனால் இந்த வழியில் ஆய்வுக்குக் காசு இல்லை, சக ஆய்வாளர் இல்லை, கேள்வி பெரிதாகும்போது கருவி போதாது. ஆறு நிமிடம் எங்கே என்று கேட்கிற பிள்ளையை 19 வயதிலேயே இதில் நிறுத்துவது அநியாயம்.

விண்ணப்பத்தில் போட்ட ஒழுங்கு

முதலாவது யாழ்ப்பாணம், பௌதிக விஞ்ஞானம். இரண்டாவது கொழும்பு, அதே பாடநெறி. மூன்றாவது பொறியியல், தங்கச்சியின் மன ஆறுதலுக்காக. முதலாவதே கிடைத்துவிடும், மூன்றாவதுக்கு வேலை இராது என்று மூன்று பேருக்கும் தெரியும்.

கொழும்பு அறை வாடகைக்கு ஒதுக்க இருந்த காசை வங்கியில் போடச் சொன்னேன். ஐந்தாம் வருடம் பத்து விண்ணப்பக் கட்டணமும் ஆங்கிலப் பரீட்சையும் அதிலிருந்து போகும். முதல் வருட விடுமுறையில் பைதன், இரண்டாம் வருடம் கையா தரவில் ஒரு சின்ன வேலை, மூன்றாம் வருடம் அதை யாராவது விரிவுரையாளரிடம் கொண்டுபோய்க் காட்டுவது. முதல் வருடம் எல்லா இடமும் மறுத்தால் டெமோவாக இருந்து இரண்டாம் வருடமும் போடுவது. அப்போதும் கிடைக்காவிட்டால் கையிலுள்ள நிரல் எழுதும் பழக்கத்தோடு தரவு வேலைக்கு எங்கேயும் போகலாம். காணி மட்டும் அசையக் கூடாது. அது தங்கச்சியின் நிபந்தனை இல்லை, என்னுடையது.

தங்கச்சி இன்னும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. நேற்றிரவு மருமகளும் நானும் மொட்டைமாடியில் தெற்குச் சிலுவை தன் உச்ச உயரத்துக்கு ஏறும்வரை இருந்தோம். பத்து மணிக்குத் தங்கச்சி ஏறி வந்தாள். "நுளம்பு கடிச்சு டெங்கு வந்தால் ரெண்டு பேரையும் நான்தான் பார்க்க வேணும்" என்று இருட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு, கொளுத்திய நுளம்புத்திரியை எங்களுக்கு நடுவில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள்.